பிரிக்பீல்ட்ஸ் கல்லாவில் டிஜிட்டல் ரிங்கிட்: ஒரு வாழை இலை உணவகத்தின் வரிக் கணக்கு

மத்திய வங்கியே டிஜிட்டல் பணம் வெளியிட்டுவிட்டால் வரி ஏய்ப்பு தானாக ஒழிந்துவிடும் என்ற பேச்சு அடிக்கடி எழுகிறது. ஒரு சென் நகர்ந்தாலும் அரசாங்கத்துக்குத் தெரிந்துவிடுமாம். பிறகு யார் எதை மறைப்பது? சிலருக்கு நம்பிக்கை தரும் இதே காரணம் கடைக்காரர்கள் பலருக்குக் கிலியைத் தருகிறது. இரண்டையும் ஒரு கடையின் ஒருநாள் கல்லாவில் வைத்துப் பார்ப்பதுதான் இந்த ஆய்வு.

கிடைத்த விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். காசு நகர்ந்ததை டிஜிட்டல் பணம் சொல்லும். எதற்காக நகர்ந்தது என்பதைச் சொல்லாது. வரியோ அந்த ‘எதற்காக’ என்பதன்மேல்தான் விழுகிறது. அதைச் சொல்லும் வேலையை மலேசியாவில் இ-இன்வாய்ஸ், அதாவது விற்பனை ரசீதை மின்னணு வடிவில் வரி வாரியத்துக்கு அனுப்பும் முறை, ஏற்கெனவே ஏற்றுக்கொண்டுவிட்டது. டிஜிட்டல் ரிங்கிட் உண்மையில் மாற்றக்கூடிய ஒன்று உண்டென்றால், வரிப்பணம் எந்த நாளில் கடைக்காரர் கையைவிட்டுப் போகிறது என்பதுதான். சிறு கடைகளுக்கு வலி வரப்போவதும் அங்கேதான். அதைப் பற்றித்தான் யாரும் பேசுவதில்லை.

நிலவரம் இதுதான். பொதுமக்கள் புழங்கும் டிஜிட்டல் ரிங்கிட்டை மலேசிய மத்திய வங்கியான பேங்க் நெகாரா வெளியிடவில்லை. டுயிட்நவ் போன்ற உள்நாட்டுக் கட்டண வசதிகள் நன்றாக ஓடுவதால் அதற்கு அவசரம் இல்லை என்பது அதன் நிலைப்பாடு. ஆனால் வங்கிகளுக்கிடையிலான பயன்பாட்டை அது ஆராய்ந்து வருகிறது. ஆஸ்திரேலியா, சிங்கப்பூர், தென்னாப்பிரிக்கா மத்திய வங்கிகளோடு சேர்ந்து, நாடுகளுக்கிடையே டிஜிட்டல் பணம் அனுப்பிச் சோதித்த டன்பார் திட்டத்தின் அறிக்கை 2022 மார்ச்சில் வந்தது. வெளியே பார்த்தால், பஹாமாஸ் 2020இலும் நைஜீரியா 2021இலும் ஜமைக்கா 2022இலும் பொதுமக்களுக்கே வெளியிட்டுவிட்டன. சீனாவும் இந்தியாவும் பெரிய அளவில் சோதித்து வருகின்றன. ஆகவே இங்கே வருமா, வராதா என்று ஆரூடம் சொல்வதைவிட, வந்தால் எந்த விதியில் எது இடிக்கும் என்று இப்போதே கணக்குப் போட்டுப் பார்ப்பது பயனுள்ளது.

கையில் எடுத்த கடை

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில், ஜாலான் துன் சம்பந்தனை ஒட்டிய ஒரு சந்தில் உள்ள வாழை இலை உணவகம் என்று வைத்துக்கொள்வோம். இது மாதிரிக்காக உருவாக்கிய கடை. குறிப்பிட்ட எந்தக் கடையும் அல்ல. வரி விகிதங்களும் கெடுக்களும் நடப்பில் உள்ளவை. விற்பனை எண்களைக் கணக்குக்கு வசதியாக வட்டமாக எடுத்திருக்கிறோம்.

சென்டிரியான் பெர்ஹாட், அதாவது தனியார் வரையறுக்கப்பட்ட நிறுவனம். ஆண்டு விற்பனை 18 லட்சம் ரிங்கிட், அதாவது மாதம் 150,000, நாளுக்கு 5,000. உணவகங்களுக்குச் சேவை வரிப் பதிவு எல்லை 12 மாதத்தில் 15 லட்சம் ரிங்கிட். அதைத் தாண்டிவிட்டதால் சுங்கத்துறையில் பதிவு உண்டு. மற்றப் பல சேவைகளுக்கு 2024 மார்ச் 1 முதல் வரி 8 விழுக்காடானபோதும் உணவுக்கு 6 விழுக்காடே நீடித்தது. விற்பனை 10 லட்சத்துக்கு மேல், 50 லட்சத்துக்குள் இருப்பதால், இ-இன்வாய்ஸ் கடமை 2026 ஜனவரி 1 முதல் தொடங்கிவிட்டது.

மதியம் ஒன்றரை மணிக்குக் கல்லாவில் நடப்பதை அருகில் நின்று பார்ப்போம். சாப்பாடு 12.00, சேவை வரி 0.72, மொத்தம் 12.72. ரொக்கமாகக் கொடுப்பவர் 12.70 தருகிறார்; 1 சென் நாணயத்தை விலக்கி 5 சென்னுக்கு வட்டமாக்கும் முறை 2008 ஏப்ரல் 1 முதல் இருக்கிறது. கியூஆரில் கட்டுபவர் 12.72 தருகிறார். ரசீதில் வரி இருவருக்கும் 0.72தான். அந்த 2 சென்னை வட்டமாக்கல் வித்தியாசம் என்று தனியே எழுத வேண்டும்.

கல்லாவில் இருப்பது ஒட்டுத்தாளில் அச்சடித்த நிலையான கியூஆர். தொகையை வாடிக்கையாளரே தட்டுகிறார். கூட்ட நேரத்தில் 12.72 என்பது 12.27 ஆகும், சில சமயம் 127.20 ஆகவும் ஆகும். கைப்பேசித் திரையில் பச்சைக் குறியைக் காட்டிவிட்டு அவர் போய்விடுவார். காசாளரும் பச்சையைத்தான் பார்ப்பார், எண்ணைப் பார்க்க மாட்டார். டிஜிட்டல் ரிங்கிட் வந்தாலும் இந்தத் தவறு அப்படியே வரும், ஏனென்றால் தவறு பணத்தில் இல்லை, தொகை எங்கிருந்து வருகிறது என்பதில் இருக்கிறது. விற்பனைக் கருவியே ஒவ்வொரு ரசீதுக்கும் தொகையும் ரசீது எண்ணும் அடங்கிய கியூஆரைத் திரையில் காட்டினால்தான் இது தீரும்.

இரவு கடை அடைக்கும்போது கருவியில் எடுக்கும் நாள்முடிவு அறிக்கை இப்படி இருக்கிறது. விற்பனை 5,000.00, சேவை வரி 300.00, மொத்தம் 5,300.00. அதில் ரொக்கம் 1,400, கியூஆர் 2,500, அட்டை 600, விநியோகச் செயலி 800.

இப்போது ரொக்கமும் கியூஆரும் அட்டையும் எல்லாமே டிஜிட்டல் ரிங்கிட்டாக மாறி ஒரே பணப்பையில் விழுவதாக வைத்துக்கொள்வோம். வரி அதிகாரி அந்தப் பணப்பையை மட்டும் பார்க்கிறார். அவர் கண்ணில் படுவது 5,300 அல்ல.

நேரடி விற்பனை 4,500 வந்திருக்கும். செயலி வழியாக விற்ற 800 அப்படியே வராது. தரகு 30 விழுக்காடு என்றால் 240, அந்தத் தரகின் மேல் 8 விழுக்காடு சேவை வரி 19.20. இரண்டையும் கழித்துக்கொண்டு 540.80தான் அனுப்புவார்கள். ஆனால் கடையின் விற்பனை 800தான். தரகு ஒரு செலவு. இதுவரை பணப்பை கடையின் விற்பனையைக் குறைத்துக் காட்டுகிறது.

மறுபக்கம், அதே நாளில் விற்பனையே அல்லாத பணமும் உள்ளே வருகிறது. காதுகுத்து விருந்துக்குக் கொண்டுபோன அண்டா, சூடேற்றும் பாத்திரங்களுக்குத் திருப்பித் தர வேண்டிய வைப்புத்தொகை 600. முதலாளியிடம் வாங்கிய கடனைக் கொழுந்தியாள் திருப்பியது 350. கடை ஊழியர்கள் சேர்ந்து கோயில் திருவிழாவுக்குத் திரட்டும் நன்கொடை 250. மொத்தம் 1,200.

கூட்டினால் 6,240.80. உண்மையான ரசீது மொத்தத்தைவிட 940.80 கூடுதல். இந்த முழுத் தொகையும் வரி அடங்கிய விற்பனை என்று எடுத்தால், 106இல் 6 பங்கு, அதாவது 353.25 ரிங்கிட் சேவை வரி. சரியான வரி 300.00. ஒரு நாளைக்கு 53.25 கூடுதல், எல்லா நாளும் இப்படியே போனால் இரண்டு மாத வரிக் காலத்தில் 3,195 ரிங்கிட். ஒரு பொய்யும் சொல்லாத கடைக்கு வரும் வித்தியாசம் இது. செயலி வழி விற்பனை அதிகமாக உள்ள கடையில் கணக்கு மறுபக்கம் சாயும். அங்கே பணப்பையை நம்பினால் நஷ்டம் அரசாங்கத்துக்கு.

கர்நாடகத்தில் நடந்தது

இது ஏட்டுக் கணக்கு அல்ல என்பதற்கு அண்மைய சான்று இந்தியாவில் இருக்கிறது. 2025 ஜூலையில் கர்நாடக வணிகவரித் துறை, யூபிஐ என்ற கைப்பேசிப் பணப்பரிமாற்றம் வழியாக வந்த தொகையை மட்டும் வைத்து ஆயிரக்கணக்கான சிறு வணிகர்களுக்கு ஜி.எஸ்.டி. நோட்டீஸ் அனுப்பியது. பார்த்தது 2021-22 முதல் 2024-25 வரையிலான வரவு. பொருள் விற்பவருக்கு ஆண்டுக்கு 40 லட்சம் ரூபாய், சேவை தருபவருக்கு 20 லட்சம் என்ற பதிவு எல்லையைத் தாண்டியவர்கள் பட்டியலில் வந்தார்கள். ஹாவேரியில் ஒரு காய்கறிக் கடைக்காரருக்கு, நான்கு ஆண்டில் சுமார் 1.63 கோடி வரவு வந்ததைக் காட்டி, 29 லட்சம் ரூபாய் கேட்டார்கள். ஆனால் பதப்படுத்தாத காய்கறிக்கு ஜி.எஸ்.டி.யே கிடையாது. வரவு எவ்வளவு என்று யூபிஐக்குத் தெரிந்தது. விற்றது கத்திரிக்காய் என்று தெரியவில்லை.

பெங்களூரில் கடைக்காரர்கள் கியூஆர் ஒட்டுத்தாளைக் கிழித்துவிட்டு ‘ரொக்கம் மட்டும்’ என்று எழுதி வைத்தார்கள். கடைசியில் மாநில அரசு, பதிவு செய்துகொள்பவர்களிடம் பழைய பாக்கியை வசூலிக்கப்போவதில்லை என்று இறங்கி வந்தது. யூபிஐ மத்திய வங்கிப் பணம் அல்ல, வங்கிக் கணக்குகளுக்கிடையே பணம் அனுப்பும் தளம். ஆனாலும் பாடம் ஒன்றுதான். வரவுப் பதிவை நேரடியாக வரி நோட்டீஸாக மாற்றினால் தப்பான ஆள் மாட்டுகிறார், சரியான ஆள் ரொக்கத்துக்கு ஓடிவிடுகிறார்.

நம் கடைக்கு விடியற்காலையில் வாழை இலைக் கட்டு கொண்டுவந்து போடும் பெரியவரை நினைத்துப் பாருங்கள். 10 லட்சத்துக்குக் கீழே உள்ளவருக்கு இ-இன்வாய்ஸ் கடமை இல்லை. இன்று ரொக்கமாக வாங்கிக்கொண்டு போகிறார். நாளை அவருடைய டிஜிட்டல் பணப்பையில் ஒவ்வொரு கட்டும் ஒரு வரியாகப் பதிவாகும். அந்தப் பதிவில் இலையை அவர் வாங்கிய விலை இருக்காது, லாரிக்கு ஊற்றிய டீசல் இருக்காது. வரவு மட்டும் பளிச்சென்று தெரியும். அவரைப் போன்றவருக்கு வரி எல்லை பணப்பை வரவின் மேல் அல்ல, விற்பனையின் மேல் என்று சட்டத்தில் தெளிவாக எழுதாமல் இந்தப் பணத்தை வெளியிடுவது அநியாயம் என்றே சொல்வோம்.

18,000 ரிங்கிட் எங்கே இருக்கிறது

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறோம்.

மலேசியச் சேவை வரி பணம் கைக்கு வந்த நாளில் விழுகிறது. கணக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, எஸ்.எஸ்.டி.-02 படிவத்தையும் பணத்தையும் அதற்கடுத்த மாதக் கடைசி நாளுக்குள் சுங்கத்துறைக்குச் சேர்க்க வேண்டும். தாமதமானால் முதல் 30 நாளுக்கு 10 விழுக்காடு, அடுத்த 30க்கு மேலும் 15, அதற்கடுத்த 30க்கு மேலும் 15, ஆக 40 வரை அபராதம்.

நாளுக்கு 300 என்றால் இரண்டு மாதத்தில் 18,000 சேர்கிறது. கட்டும் நாள் வரும்போது மூன்றாவது மாதத்து 9,000மும் சேர்ந்து கையில் 27,000 இருக்கும். 18,000 கட்டியதும் 9,000 மிஞ்சும். மறுபடியும் ஏறி 27,000 ஆகும். ஆக, கடை தொடர்ந்து நடக்கும்வரை, சுங்கத்துறைக்குச் சொந்தமான பணம் 9,000க்குக் கீழே ஒருபோதும் இறங்காமல், சராசரியாக 18,000 ரிங்கிட் கடைக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கிறது. அரிசி மூட்டைக்கும் எரிவாயு உருளைக்கும் கடைசி வாரச் சம்பளத்துக்கும் கைகொடுப்பது பல கடைகளில் இந்தப் பணம்தான். வட்டி கிடையாது, ஜாமீன் கிடையாது. இது கடன் என்றே பலருக்குத் தோன்றுவதில்லை.

நிரலிடக்கூடிய, அதாவது முன்பே எழுதி வைத்த விதிப்படி தானாக நகரும், டிஜிட்டல் பணத்தில் வரிப் பங்கைக் கட்டும் கணத்திலேயே பிரிக்கலாம். 12.72 தட்டினால் 12.00 கடைக்கு, 0.72 நேரே சுங்கத்துறைக்கு. ஏய்ப்பும் இல்லை, அபராதமும் இல்லை, படிவம்கூடச் சுருங்கிவிடும். அரசாங்கத்துக்குப் பெரிய கவர்ச்சி இதுதான். ஆனால் அமலுக்கு வரும் அன்றே, சராசரி 18,000 ரிங்கிட் நடைமுறை மூலதனம் இந்தக் கடையிலிருந்து உருவப்படுகிறது. அதை வங்கிக் கடனால் ஈடுகட்டினால், ஆண்டு வட்டி 8 விழுக்காடு என்று வைத்துக்கொண்டாலும் 1,440 ரிங்கிட். கடன் கிடைத்தால்தான் அதுவும். பிணையாக வைக்க ஒன்றும் இல்லாத வாடகைக் கடைக்கு அது எளிதில் கிடைக்காது.

இப்படிப் பிரிப்பதற்கு டிஜிட்டல் பணமே தேவை இல்லை என்பதையும் கவனிக்க வேண்டும். இத்தாலி அரசு அலுவலகங்களுக்கு விற்பவர்களிடம் 2015 முதல் இதைச் செய்கிறது. போலந்தில் 2019 நவம்பர் 1 முதல், குறிப்பிட்ட பொருள்களுக்கு 15,000 ஸ்வோட்டிக்கு (போலந்து நாணயம்) மேற்பட்ட விலைப்பட்டியல்களில் இது கட்டாயம். வரிப் பங்கு அதே வங்கியில் தனி வரிக் கணக்கில் விழுகிறது. போலந்து முறையில் ஒரு நல்ல அம்சம் உண்டு. அந்தத் தனிக் கணக்கில் இருக்கும் பணத்தைத் தன் கொள்முதலின் வரிப் பங்கைக் கட்டுவதற்கு வணிகர் பயன்படுத்திக்கொள்ளலாம், முழுவதுமாக முடங்கிவிடாது. ருமேனியா 2018இல் கொண்டுவந்து 2020 பிப்ரவரியில் கைவிட்டுவிட்டது.

மலேசியச் சேவை வரியில் கணக்கு ஓரளவு எளிது, ஏனென்றால் கொள்முதலில் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளும் உரிமை இங்கே இல்லை. வாங்கிய 300மும் போக வேண்டியதுதான். ஜி.எஸ்.டி. மறுபடியும் வந்தால்தான் சிக்கல் பெருகும். விற்பனையில் வாங்கிய வரி 18,000, கொள்முதலில் கட்டியது 7,000 என்றால் கட்ட வேண்டியது 11,000தான். ஆனால் கட்டும் கணத்திலேயே பிரித்தால் 18,000 முழுவதும் போய்விடும். 7,000ஐ அரசாங்கம் திருப்பித் தர வேண்டும்.

திருப்பித் தருவதில் இந்த நாட்டு வணிகர்களுக்கு ஒரு கசப்பான அனுபவம் உண்டு. 2015 ஏப்ரல் 1இல் வந்த ஜி.எஸ்.டி. 2018 ஜூன் 1இல் பூஜ்யமாக்கப்பட்டபோது, வணிகர்களுக்குத் திருப்பித் தர வேண்டிய பாக்கி 19.4 பில்லியன் ரிங்கிட் என்று அன்றைய நிதியமைச்சர் லிம் குவான் எங் அறிவித்தார். வருமான வரிப் பாக்கியையும் சேர்த்து அடைக்க, 2019இல் அரசு எண்ணெய் நிறுவனமான பெட்ரோனாஸிடமிருந்து 30 பில்லியன் ரிங்கிட் சிறப்பு ஈவுத்தொகை வாங்க வேண்டியிருந்தது. நொடியில் எடுக்கத் தெரிந்த பணத்துக்கு நொடியில் திருப்பிக் கொடுக்கவும் தெரிய வேண்டும். ஒன்றை மட்டும் நிரலிட்டு மற்றதை அதிகாரியின் மேசையில் விட்டால், சிறு கடைகள்தான் அரசாங்கத்துக்கு வட்டியில்லாக் கடன் கொடுப்பவர்களாக ஆகும். வாடிக்கையாளர் திருப்பி அனுப்பிய சாப்பாட்டுக்குக் கடை 12.72ஐத் திருப்பித் தரும்போது, சுங்கத்துறைப் பணப்பையிலிருந்து அந்த 0.72 அதே கணத்தில் திரும்புகிறதா என்பதுதான் முதல் சோதனை.

லாபம் காசுக்குத் தெரியாது

வருமான வரியில் கதை வேறு. நம் கடையின் லாபம் விற்பனையில் 8 விழுக்காடு என்று கொண்டால் 144,000. செலுத்திய மூலதனம் 25 லட்சத்துக்குள்ளும் வருமானம் 5 கோடிக்குள்ளும் உள்ள நிறுவனத்துக்கு முதல் 150,000 ரிங்கிட் லாபத்தின் மேல் 15 விழுக்காடு. வரி 21,600. கடை சி.பி.204 படிவத்தில் முன்கூட்டியே தரும் வரி மதிப்பீட்டின்படி மாதம் 1,800 தவணை.

21,600 என்பது மொத்த விற்பனையில் சரியாக 1.2 விழுக்காடு. அப்படியானால் ஒவ்வொரு வரவிலும் 1.2 விழுக்காட்டைக் கழித்துக்கொண்டால் போயிற்றே என்று தோன்றும். புரட்டாசியில் அசைவம் விற்காது. விற்பனை 150,000இலிருந்து 115,000க்கு இறங்கினாலும் வாடகையும் சம்பளமும் இறங்காது. அந்த மாதம் நஷ்டம். அதிலும் 1,380 ரிங்கிட் பிடித்தம் ஆகும். இன்றைய தவணையும் நஷ்ட மாதத்தில் விடாது என்பது உண்மைதான். ஆனால் அது கடை தானே போட்ட மதிப்பீடு; ஆறாவது, ஒன்பதாவது, பதினோராவது மாதங்களில் திருத்திக்கொள்ளலாம். உண்மையான வரியைவிட மதிப்பீடு 30 விழுக்காட்டுக்கு மேல் குறைந்தால், அந்த மிகுதியின் மேல் 10 விழுக்காடு அபராதம் என்ற கட்டுப்பாடும் இருக்கிறது. வரவிலிருந்து தானாகப் பிடிக்கும் முறையில் திருத்துவதற்கு இடமே இல்லை. லாப விகிதம் 3 விழுக்காடு உள்ள மளிகைக் கடையும் 20 விழுக்காடு உள்ள கடையும் ஒரே 1.2ஐக் கட்டும். அது வருமான வரி அல்ல, விற்பனை வரி.

வெளிநாட்டுக் கட்டணங்களும் இப்படித்தான். முன்பதிவு மென்பொருளுக்கு வெளிநாட்டு நிறுவனத்துக்குப் பணம் அனுப்பினால், அது உரிமத்தொகையா வெறும் சேவைக் கட்டணமா என்பதைப் பொறுத்துப் பிடித்தவரி (பணம் அனுப்புபவரே பிடித்துக் கட்ட வேண்டிய வரி) வரும் அல்லது வராது. உரிமத்தொகை என்றால் 10 விழுக்காடு; பணம் கொடுத்த ஒரு மாதத்துக்குள் கட்டாவிட்டால் மேலும் 10 விழுக்காடு அபராதம். ஒப்பந்தத்தைப் படித்துத்தான் தீர்மானிக்க முடியும். பணத்துக்குப் படிக்கத் தெரியாது.

இணையம் இல்லாத இரவு

டிஜிட்டல் பணத்தை இணையம் இல்லாமலும் கட்டலாம் என்பது சீனா, இந்தியா இரண்டும் சோதித்துவரும் வசதி. இரண்டு கருவிகளை ஒட்டிப் பிடித்தால் பணம் மாறும். பதிவு பிறகு போய்ச் சேரும். வரிக்கு இது புதுத் தலைவலி. ஆகஸ்டு 31, மெர்டேகா விடுமுறை இரவு 11.40. கடையில் கூட்டம், இணையம் போய்விட்டது. இணையமின்றி வாங்கிய 640 ரிங்கிட் செப்டம்பர் 1 காலையில்தான் மையப் பதிவேட்டுக்குப் போகிறது. கடையின் வரிக் காலம் ஆகஸ்டோடு முடிகிறது என்றால் இந்த வரி எந்தக் காலத்தில் சேரும்? ஒட்டிப் பிடித்த கணமா, பதிவு சேர்ந்த கணமா? முதலாவதே சரி, ஏனென்றால் கடைக்காரர் சாப்பாடு போட்டதும் பணம் வாங்கியதும் அப்போதுதான். இதைச் சட்டத்தில் ஒரு வரியாக எழுதிவிட்டால் போதும். எழுதாவிட்டால் ஒவ்வொரு தணிக்கையிலும் வாக்குவாதம்.

இதைவிட மோசமான ஒன்றும் உண்டு. ஒரே பணத்தை இருவரிடம் செலவழித்தவரின் பரிமாற்றம் மறுநாள் நிராகரிக்கப்படலாம். ரசீது போட்டாயிற்று, பணம் இல்லை. தனி இ-இன்வாய்ஸ் அனுப்பியிருந்தால் சரிபார்ப்பு முடிந்த 72 மணி நேரத்துக்குள் ரத்து செய்துவிடலாம். மாதத்தின் சிறு ரசீதுகளையெல்லாம் சேர்த்து ஒரே இ-இன்வாய்ஸாக அனுப்பும் தொகுப்பில் போவது என்றால், தொகுப்பதற்கு முன் நீக்கிவிட்டால் போதும். ஆகவே இணையமின்றி வாங்கிய பரிமாற்றங்களை மூன்று நாள் தனிப் பட்டியலில் வைத்திருந்து, சேர்ந்தது உறுதியான பிறகு விற்பனையில் எடுப்பதே பாதுகாப்பு.

கையிருப்பு எல்லையும் கடையைத் தொடும். கைப்பேசி எண்ணை மட்டும் காட்டித் திறக்கும் சீனப் பணப்பையில் இருப்பு 10,000 யுவான், ஒரு முறைக்கு 2,000, நாளுக்கு 5,000 வரைதான். யூரோ திட்டத்தில் வணிகர்கள் டிஜிட்டல் யூரோவைக் கையிருப்பாக வைத்துக்கொள்ளவே முடியாது, வந்தது உடனே வங்கிக் கணக்குக்குப் போய்விடும். அது நிரலிடப்பட்ட பணமாக இருக்காது என்றும் ஐரோப்பிய மத்திய வங்கி சொல்லிவிட்டது. இங்கேயும் அப்படியே வந்தால் வரியைப் பிரிக்கும் வேலை வங்கியின் தலையில் விழும், மத்திய வங்கிப் பணத்துக்கு அதில் பங்கே இருக்காது.

யார் பார்க்கலாம்

இன்று வங்கி வாடிக்கையாளரின் விவரங்களை 2013 நிதிச் சேவைச் சட்டத்தின் 133ஆம் பிரிவு காக்கிறது. அது நிதி நிறுவனங்களை மனத்தில் வைத்து எழுதியது. வரி வாரியம் தகவல் கேட்கலாம், வருமான வரிச் சட்டத்தின் 81ஆம் பிரிவு அந்த அதிகாரத்தைத் தருகிறது. ஆனால் கேட்டு வாங்க வேண்டும். வாங்கியதை 138ஆம் பிரிவின்படி ரகசியமாக வைத்திருக்க வேண்டும். 2010 தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமோ மத்திய, மாநில அரசாங்கங்களைக் கட்டுப்படுத்தாது. டிஜிட்டல் ரிங்கிட் பேங்க் நெகாராவின் நேரடிப் பொறுப்பு. ஆகவே, கேட்டால்தான் கிடைக்கும் என்ற இன்றைய நிலை, கேட்காமலே தெரியும் என்று மாறுவதற்கு முன், யார், எந்தக் காரணத்துக்காக, யாருடைய அனுமதியோடு பதிவேட்டைத் திறக்கலாம் என்பதை நாடாளுமன்றத்தில் எழுதிவிட வேண்டும். முதலாளி கொழுந்தியாளுக்குக் கொடுத்த கடன் வரி வாரியத்தின் வேலை அல்ல.

கடை இன்று செய்ய வேண்டியது

டிஜிட்டல் ரிங்கிட் வந்தாலும் வராவிட்டாலும் கீழே சொல்பவை பயன் தரும், இ-இன்வாய்ஸே இவற்றைக் கேட்கிறது.

கடைக் கியூஆரில் குடும்பப் பணமும் நன்கொடையும் விழக்கூடாது. அவற்றுக்குத் தனிக் கணக்கு, தனிக் கியூஆர். கோயில் நன்கொடையைக் கடைக் கணக்கில் வாங்கிக்கொண்டு பிறகு எடுத்துக் கொடுப்பதுதான் தணிக்கையில் அதிகம் விளக்கம் சொல்ல வைக்கும் பழக்கம். பாத்திர வைப்புத்தொகைக்கு விற்பனைக் கருவியில் வரி இல்லாத தனிக் குறியீடு ஒன்றைப் போட்டு, திருப்பித் தரும்போது அதே குறியீட்டில் எடுக்க வேண்டும். வங்கிவழி அனுப்பச் சொன்னால், பெறுநர் குறிப்பு என்ற இடத்தில் ரசீது எண்ணை எழுதச் சொல்லுங்கள். அங்கே ‘சாப்பாடு’ என்று எழுதியிருந்தால் யாருக்கும் பயனில்லை.

செயலி விற்பனையை 540.80 என்று எழுதாதீர்கள். 800 விற்பனை, 240 தரகு, 19.20 தரகின் மேல் வரி என்று மூன்று வரியாக எழுதி, தரகுக்கான இ-இன்வாய்ஸைச் செயலி நிறுவனத்திடமிருந்து வாங்கி வையுங்கள். அது கையில் இல்லாவிட்டால் ஆண்டு முடிவில் செலவைக் காட்டுவதில் சங்கடம்.

மாதம் முடிந்ததும் மூன்றாம் தேதிக்குள் நாள்முடிவு அறிக்கைகளையும் வங்கி வரவையும் ஒப்பிட்டு முடிக்க வேண்டும். தொகுப்பு இ-இன்வாய்ஸ் வரி வாரியத்தின் மைஇன்வாய்ஸ் தளத்துக்குப் போக ஏழு நாள்தான் அவகாசம். நடுவில் ஒரு சனி ஞாயிறு வந்தால் நாள் போதாது. 10,000 ரிங்கிட்டுக்கு மேற்பட்ட கேட்டரிங் ரசீதைத் தொகுப்பில் சேர்க்க 2026 தொடக்கம் முதல் பொதுவாக அனுமதி இல்லை, அதற்குத் தனி இ-இன்வாய்ஸ். வாடிக்கையாளரின் வரி எண்ணை விருந்து முடிந்த பிறகு தேடி அலையாமல் முன்பதிவின்போதே வாங்கிவிடுங்கள். ஆவணங்களை ஏழு ஆண்டு வைத்திருக்க வேண்டும். வெப்ப அச்சுத் தாளில் உள்ள எழுத்து சில மாதங்களிலேயே மங்கிவிடும், அடுப்புப் பக்கத்துச் சுவர் அலமாரியில் வைத்தால் இன்னும் விரைவில். அன்றன்றே படம் எடுத்துச் சேமிப்பது நல்லது.

கடைசியாக அந்த 18,000. எஸ்.எஸ்.டி.-02 பணத்தைக் கட்டிய மறுநாள் ஒரு தனிச் சேமிப்புக் கணக்கைத் தொடங்கி, தினமும் இரவு கல்லா எண்ணியதும் அன்றைய சேவை வரியை, நம் கடையில் 300 ரிங்கிட்டை, அதில் போட்டுவிடுங்கள். அடுத்தடுத்த கெடுவுக்குரிய 18,000ஐ அந்தக் கணக்கே கொடுத்துவிடும். ஆனால் தொடங்கும்போதே செலவாகிப்போன ஒரு மாதத்து 9,000 பள்ளம் இருக்கும். அதைத் தூர்க்க நாளுக்கு மேலும் 50 ரிங்கிட் போட்டால் 180 நாளில் முடிந்துவிடும். புரட்டாசியில் தொடங்க வேண்டாம். தீபாவளிக் கேட்டரிங் பணம் வந்து சேர்ந்த பிறகு தொடங்குங்கள்.